நாலு லட்சம் நாலு லட்சமாகவே இருப்பதில்லை: வங்கி மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் கவுன்சிலிங் ஆணையையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வரும் பிள்ளைகளின் கல்விக் கடன் கோப்பில் கையெழுத்துப் போடுகிறீர்களே, தமிழ்நாட்டுக் கிளைகளில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன். கடன் தர மறுத்து அலைக்கழித்த மேலாளர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பேச விரும்புவது கடன் கொடுத்த மேலாளர்களிடம்.

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்குத் துணையாக பேங்குக்குப் போனேன். அரசுப் பள்ளியில் படித்தவன். கவுன்சிலிங்கில் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்திருக்கிறது. வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு லட்சம் கடன். அவன் அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அந்த மேலாளர் அருமையான மனிதர். அப்பாவை எதிரே நாற்காலியில் உட்காரச் சொன்னார். பையனின் கணக்கு மார்க்கைப் பார்த்துவிட்டு முதுகில் தட்டிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார். அப்புறம் கையெழுத்துகள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், பதினேழு இடம். ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு அப்பா கூச்சத்தோடு, "மாசம் எவ்வளவுங்க சார் கட்டணும்?" என்று கேட்டார்.

"அதெல்லாம் படிச்சு முடிச்சு வேலைக்குப் போனப்புறம் பாத்துக்கலாங்க. பையன் நல்லாப் படிக்கட்டும்."

2012-ல் வேறொரு ஊரில், வேறொரு பேங்கில், என் அப்பாவும் இதே கேள்வியைக் கேட்டார். அவருக்குக் கிடைத்ததும் இதே பதில்தான். சொன்னவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புக்கு நாங்கள் கொடுத்த விலையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் அப்பா விசைத்தறித் தொழிலாளி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சிவில் இன்ஜினியரிங், வருடத்துக்கு 70,000 ரூபாய் வீதம் மொத்தம் 2,80,000 கடன், வட்டி 12.5 சதவீதம். படிக்கும் நாலு வருடமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள். தவணை இல்லை என்றால் வட்டியும் இல்லை என்று நாங்கள் புரிந்துகொண்டோம். படிக்காத அப்பாதான் அப்படிப் புரிந்துகொண்டார் என்று நினைத்துவிடாதீர்கள். இன்ஜினியரிங் மாத்ஸில் தொண்ணூறு வாங்கிய நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த ஐந்து வருடமும் தனிவட்டி ஓடிக்கொண்டே இருந்தது. 2017 ஜூலையில் முதல் தவணைக்கான கடிதம் வந்தபோது கடன் 4,02,500 ரூபாயாக நின்றது. ஏழு வருடத் தவணை, மாதம் 7,213 ரூபாய். அப்போது ஒரு கட்டுமான சைட்டில் என் சம்பளம் 10,500.

மிச்சம் 3,287 ரூபாயில் வெளியூரில் ஒருவன் எப்படி வாழ்வான் என்ற கணக்கை உங்களுக்கு நான் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. நாலாவது மாதமே தவணை தவறியது. அதன் பிறகு மூன்று மாதம் கட்ட முடியவில்லை, வாராக்கடன் ஆனது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் விழுந்தது. இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருந்த அப்பாவின் பெயரும் சேர்ந்தே கெட்டது.

இதைவிட வலித்தது வேறொன்று. வருடத்துக்கு நாலரை லட்சத்துக்குக் குறைவான வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் தொழிற்கல்வி படித்தால், தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. உங்களுக்கு நன்றாகவே தெரியும். தாசில்தார் அலுவலகத்து வருமானச் சான்றிதழ் ஒன்றை வாங்கி வைத்து, எங்கள் கிளையிலிருந்து மானியத்துக்கு எழுதிப் போட்டிருந்தால், ஏறிய 1,22,500 ரூபாய் வட்டி எங்கள் தலையில் விழுந்திருக்காது. தவணை ஐயாயிரத்துச் சொச்சத்தில் நின்றிருக்கும். அப்படி ஒன்று இருப்பதே 2018-ல் ஒரு நண்பன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். அந்த வருடங்களுக்கு இனி அனுப்ப முடியாது என்றார்கள். கடன் கொடுத்த மேலாளர் அதற்குள் மூன்று ஊர் மாறிப் போயிருந்தார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை. ஜூலை மாதத்தில் உங்கள் மேஜையில் எத்தனை கோப்புகள் குவியும் என்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவருக்கு அரை மணி நேர வேலையாக இருந்தது எங்கள் வீட்டில் மூன்று வருட உழைப்பாக வந்து விழுந்தது.

வசூலைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பிறகும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எங்களுக்குப் போன் பகலில்தான் வந்தது. ஆனால் தறி ஓடும் நேரத்தில், முதலாளியின் எண்ணுக்கு வந்தது. அப்பா பதில் சொல்லிவிட்டு வந்து மறுபடி தறியில் நின்றதைப் பக்கத்துத் தறிக்காரர் எனக்குச் சொன்னார். நான் படிப்பை முடித்த அதே 2016-ல், மதுரையில் என்னைப் போலவே சிவில் முடித்த ஒரு கூலித் தொழிலாளியின் மகன், கல்விக் கடன் வசூல் நெருக்கடியில் உயிரை விட்டான். அந்தச் செய்தி வந்த நாளிதழை அப்பா என் கண்ணில் படாமல் மடித்து வைத்திருந்தார். ஒரு வருடம் கழித்து எங்களுக்கும் கடிதம் வரத் தொடங்கியதும், ராத்திரி நான் வீட்டுக்கு வரத் தாமதமானால் அவர் ஏன் தெருமுனை வரை வந்து நின்றார் என்பது அந்தத் தாளைப் பரணில் பார்த்த பிறகுதான் புரிந்தது.

2025 தொடக்கத்தில் கடனை முழுக்கக் கட்டி முடித்தேன்.

சரி, அந்தப் பட்டம் அவ்வளவுக்குத் தகுமா? எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள், தெருப் பையனின் அப்பாவும் கேட்டார். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. என்னோடு பத்தாவது படித்த நண்பன் அரசு பாலிடெக்னிக்கில் சில ஆயிரம் ரூபாய் கட்டணத்தில் சிவில் டிப்ளமோ முடித்தான். நான் 9,000 ரூபாய்க்கு வேலையில் சேர்ந்தபோது அவனுக்கு மூன்று வருட அனுபவம், சம்பளம் 16,000, கடன் எதுவும் கிடையாது. நினைத்திருந்தால் அவன் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்திருக்கலாம், அப்படி ஒரு வழியும் இருந்தது. அந்த வழியை எங்கள் ஊரில் எனக்குச் சொல்ல யாருமில்லை. பணக் கணக்கை மட்டும் பார்த்தால், என் கல்லூரிக்கு நான் கொடுத்தது அதிகம்.

ஆனால் பணக் கணக்கு மட்டுமே கணக்கில்லை. என் தங்கையின் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று அச்சானபோது, அப்பா அந்த இரண்டு எழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். எங்களைத் திண்ணையோடு நிறுத்திப் பேசிய வீடுகளில் இன்று உள்ளே உட்காரவைத்துப் பேசுகிறார்கள். என் தங்கை பி.எஸ்சி. படித்தது நான் படித்ததால்தான். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பட்டம் எதற்கு என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். இதை எழுதுவதும் அந்தப் பேச்சுக்கு வலு சேர்க்க இல்லை. எந்தப் பட்டம், எந்தக் கல்லூரி, எவ்வளவு கடன் என்று பிரித்துப் பிரித்துத்தான் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் யார்? கல்லூரிக்காரர்கள் பெரிய சம்பளம் கிடைத்த நாலு பேர் படத்தைத்தான் பிளெக்ஸில் போடுவார்கள், வேலை கிடைக்காத நானூறு பேரைப் பற்றிப் பேச மாட்டார்கள். பள்ளி ஆசிரியருக்கு நல்ல மனசு இருக்கிறது, தகவல் இல்லை. சொந்தக்காரர்களுக்கு அவரவர் பிள்ளையின் கதை மட்டும்தான் தெரியும்.

பதில் உங்கள் கணினியில் இருக்கிறது.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 2001-ல் வந்தது. அன்றிலிருந்து எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப்பிரிவில் படித்தவர்கள் ஒழுங்காகத் தவணை கட்டுகிறார்கள், எந்தக் கல்லூரிப் பிள்ளைகள் முதல் வருடமே தடுமாறுகிறார்கள் என்பதெல்லாம் உங்களிடம் பதிவாகியிருக்கிறது. எந்த விளம்பரமும் இவ்வளவு நேர்மையாக இருக்காது. கட்ட முடிகிறவனுக்குப் படிப்பு சோறு போட்டிருக்கிறது, முடியாதவனுக்குப் போடவில்லை. பெயர்கள் வேண்டாம், யாருடைய கணக்கு எண்ணும் வேண்டாம். கல்லூரி வாரியாக, பாடப்பிரிவு வாரியாக, கடன் எப்படித் திரும்புகிறது என்பதை எல்லா வங்கிகளும் சேர்ந்து வருடத்துக்கு ஒரு முறை வெளியிடுங்கள். அது மே மாதமே வர வேண்டும். கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியல் கொடுத்த பிறகு தெரிந்து என்ன பயன்? இதை வைத்துக் கடனை மறுக்கும் வேலை மட்டும் நடக்கக் கூடாது, அந்தப் பயம் எனக்கு நிறையவே இருக்கிறது. தெரிந்த பிறகும் அந்தக் கல்லூரிதான் வேண்டும் என்று ஒரு பிள்ளை வந்தால் கொடுங்கள். 7.5 லட்சம் வரையிலான கடன் திரும்பாமல் போனால், தவறிய தொகையில் 75 சதவீதத்தை ஏற்க ஒரு உத்தரவாத நிதி 2015-லிருந்து உங்களுக்கு இருக்கிறது. மாணவனுக்கு அப்படி எதுவும் இல்லை. அவனுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான்.

அது நடக்க வருடங்கள் ஆகலாம், உங்கள் கையில் மட்டும் இல்லாத விஷயம் என்றும் தெரியும். ஆனால் நாளைக் காலையே உங்களால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. கையெழுத்து வாங்குவதற்கு முன் ஒரே ஒரு தாள், தமிழில். இந்த நாலு லட்சம் முதல் தவணை நாளில் எவ்வளவாக இருக்கும், மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், எந்த மாதத்திலிருந்து, வட்டி மானியத்துக்கு இந்தப் பிள்ளைக்குத் தகுதி உண்டா, உண்டென்றால் என்ன சான்றிதழ் வேண்டும். அவ்வளவுதான். அதைப் படித்துக் காட்டிவிட்டு, புரிந்ததா என்று கேட்டுவிட்டுப் பேனாவைக் கொடுங்கள்.

நிஜத்தைச் சொன்னால் பயந்து படிப்பையே விட்டுவிடுவார்கள் என்று ஒரு மேலாளர் என்னிடம் சொன்னதுண்டு. அக்கறையில்தான் சொன்னார். அதற்காகவே அன்று நடந்த மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

பேங்கை விட்டு வெளியே வந்து எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கடன் விண்ணப்ப நகலின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 10 சதவீத வட்டியில் அந்த நாலு லட்சம், தவணை தொடங்கும்போது 5,40,000 ஆகியிருக்கும். 15 வருடத்தில் கட்டினால் மாதம் 5,803, மொத்தம் 10 லட்சத்து 44 ஆயிரத்துக்கு மேல். கல்லூரியைத் தேடிப் பார்த்தோம். கல்லூரிகளின் தரத்தைப் பார்த்துத் தரும் நாக் அங்கீகாரம் அதற்கு இல்லை, பாடப்பிரிவின் தரத்தைப் பார்த்துத் தரும் என்.பி.ஏ. அங்கீகாரமும் அந்தப் பாடப்பிரிவுக்கு இல்லை. அப்படியானால் அந்த வட்டி மானியமும் வராது. பையன் முகம் வாடிவிட்டது. அப்பா தாளை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "மொத வருசம் வட்டி மட்டும் மாசம் எவ்வளவு வரும்?"

"833 ரூபாய்."

"இவனுக்குக் கவர்மெண்டோட தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் ஆயிரம் வருமே. அது பஸ்ஸுக்குப் போவட்டும். இந்த எண்ணூத்தி முப்பத்தி மூணை நானே கட்டிடறேன். அடுத்த வருசம் ரெட்டிப்பாகும், அதையும் பாத்துக்கலாம். படிக்கறப்பவே கட்டிட்டா நாலு லட்சம் நாலு லட்சமாவே நிக்குமில்ல?"

நிற்கும். தவணையும் 5,803-லிருந்து 4,298 ஆகக் குறையும். படிக்கும் காலத்திலேயே வட்டி கட்டிவருகிறவர்களுக்கு ஒரு சதவீதம் வட்டியைக் குறைக்கலாம் என்று உங்கள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே இருக்கிறது. முதல் வருடப் பணம் கல்லூரிக்குப் போனதும் அவர் உங்களில் ஒருவரின் கவுன்டருக்கு எண்ணூற்று முப்பத்து மூன்று ரூபாயோடு வருவார். மண்டியில் மதியம் ஒரு மணி நேரம்தான் அவருக்கு ஓய்வு. இப்போது வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். எந்தக் கணக்கில் கட்டுவது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கல்விக் கடனைக் கட்டி முடித்த ஒரு சிவில் பொறியாளர்