‘உழைக்க மனமில்லாதவர்கள்’ என்ற ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அமெரிக்கப் பயணக் கட்டுரையில் நான் வாழும் ஊருக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். அதில் இப்படி ஒரு வரி: “வர்ஜீனியா மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் ஹண்டிங்டன், உழைக்க மனமில்லாத மலைவாசிகள் மாத்திரைக்கு அடிமையாகித் தாங்களே அழித்துக்கொண்ட ஊர்.” இரண்டு நாளாக இந்த வரி மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மேற்கு வர்ஜீனியா தனி மாநிலம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. உள்நாட்டுப் போரின்போது வர்ஜீனியா நாட்டைவிட்டு விலகியது. நாங்கள் உங்களோடு வரமாட்டோம் என்று நின்ற மலை மாவட்டங்கள் 1863-ல் தனியே பிரிந்தன. இங்குள்ளவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எங்கே போனாலும் “ஓ, வர்ஜீனியாவா?” என்று கேட்பதுதான் இவர்களுக்கு நிரந்தர வருத்தம். தமிழில் என் பத்திரிகையிலும் அதையே படிக்க நேர்ந்தது.

நாங்கள் வந்தது 1999-ல். என் கணவர் மருத்துவர். டாக்டர் கிடைக்காத பகுதியில் மூன்று வருடம் வேலை பார்த்தால் நாடு திரும்பாமல் இங்கேயே இருக்கலாம் என்ற விசா சலுகையில் வந்தோம். இந்த மலை நாட்டில் சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளில் நம்மவர்கள் இவ்வளவு பேர் இருப்பதற்கு அதுதான் காரணம். மூன்று வருடம் முடிந்ததும் அட்லாண்டா போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தோம். போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு 2012 ஜூன் 29-ஐச் சொன்னால் போதும்.

அன்று மாலை ஒரு சூறைக்காற்று மாநிலத்தையே புரட்டிப் போட்டது. எங்கள் தெருவில் எட்டு நாள் கரண்ட் இல்லை, வெயிலோ நூறு டிகிரியைத் தொடுகிறது. கணவர் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டார். வீட்டு வாசலில் ஓக் மரம் விழுந்து கிடக்க, இரண்டு பிள்ளைகளோடு நான் தனியாக இருந்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு ரம்பச் சத்தம் கேட்டு வெளியே வந்தால், அதற்கு முன் கைகாட்டிய அளவுக்கே பழக்கமுள்ள மூன்று பேர் மரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவருக்கு எழுபது வயதுக்கு மேல். பக்கத்து வீட்டுப் பாட்டி கேஸ் அடுப்பில் பெரிய பாத்திரம் நிறைய பழுப்பு பீன்ஸ் வேகவைத்து, சோள ரொட்டியும் சுட்டு, தெரு முழுவதற்கும் பரிமாறினார். நான் மாமிசம் சாப்பிடமாட்டேன் என்று தெரிந்து, பன்றிக் கொழுப்பு போடாமல் ஒரு சின்னச் சட்டியில் எனக்குத் தனியாக வைத்திருந்தார். ஆசிரியர் அவர்களே, இவர்களையா மனமில்லாதவர்கள் என்று அச்சிட்டீர்கள்?

அந்தப் பாட்டியின் அப்பா சுரங்கத் தொழிலாளி. ஒருநாள் மேசை டிராயரிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்து என் கையில் வைத்தார். நடுவில் ஓட்டை, ஓரத்தில் கம்பெனி பெயர். ‘ஸ்கிரிப்’ என்று பெயராம். பல சுரங்க முகாம்களில் சம்பளத்தை இப்படிக் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனி வீட்டில் குடியிருந்து, கம்பெனிக் கடையில்தான் அதைச் செலவழிக்க வேண்டும். நான் நெய்வேலியில் பிறந்தவள். கம்பெனி குவார்ட்டர்ஸ், கம்பெனி ஸ்கூல், கம்பெனி ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்து வளர்ந்தவள். ஆனால் எங்கள் அப்பாவுக்குச் சம்பளம் ரூபாயில் வந்தது. அந்த வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பேச்சே வரவில்லை.

இப்படி நடத்தியதைப் பொறுக்காமல்தான் 1921-ல் சுமார் பத்தாயிரம் சுரங்கத் தொழிலாளர்கள் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு பிளேர் மலையில் துப்பாக்கியோடு நின்றார்கள். சங்கம் வைக்கும் உரிமைக்காக. அவர்களைக் கலைக்கக் கூட்டாட்சி ராணுவமே வர வேண்டியிருந்தது. உழைக்க மனமில்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கு?

கட்டுரையோடு ஒரு சுரங்க வாயிலின் படத்தைப் போட்டு, கீழே ஹண்டிங்டன் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊருக்குள் நிலக்கரிச் சுரங்கமே கிடையாது. 1871-ல் ஒரு ரயில் கம்பெனி தன் தண்டவாளத்தை ஓஹையோ ஆற்றோடு சேர்ப்பதற்காகக் கட்டிய ஊர் இது. அந்தக் கம்பெனியின் முதலாளி காலிஸ் ஹண்டிங்டனின் பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்கள். மலையிலிருந்து ரயிலில் வரும் கரி இங்கே படகில் ஏறும். இப்போதும் ஆற்றங்கரைப் பூங்காவில் உட்கார்ந்தால், பதினைந்து படகுகளைச் சேர்த்துக் கட்டி ஒற்றை இயந்திரப் படகு தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். ரயில் பெட்டி செய்தார்கள், கண்ணாடி செய்தார்கள். நிக்கல் கலப்பு உலோக ஆலை நூறு வருடமாக ஓடுகிறது. ஜெட் என்ஜினுக்குப் போகும் உலோகம் அது. 1950-ல் ஊரின் மக்கள்தொகை 86,353. 2020-ல் 46,842. இந்தச் சரிவு சோம்பேறித்தனத்தால் வந்ததல்ல. மாநிலம் முழுக்க 1940-களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் சுரங்கத்தில் வேலை பார்த்தார்கள். இயந்திரம் வந்தது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆள்தான் மிஞ்சியது. ஆனால் கரி பல பத்தாண்டுகள் குறையாமல் போய்க்கொண்டே இருந்தது. லாபமும் கூடவே வெளியூர் போனது. இன்று ஊரில் அதிகம் பேருக்கு வேலை தருவது ஆஸ்பத்திரிகளும் மார்ஷல் பல்கலைக்கழகமும்தான்.

அப்புறம் மாத்திரை. நான் ஒரு கிளினிக்கில் பதினோரு வருடம் பில்லிங் பார்த்தேன். வந்தவர்களில் பலர், சுரங்கக் கூரைக்கு ஆணி அடித்து முதுகு போனவர்கள், நோயாளிகளைத் தூக்கி இடுப்பு போன நர்ஸ்கள். வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத்தான் சாப்பிட்டார்கள். அதிகம் அடிமைப்படுத்தாது என்று சொல்லி விற்கப்பட்டது அது. அப்படிச் சொன்னது தவறு என்று 2007-ல் தயாரித்த நிறுவனமே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. எங்கள் மாவட்டத்தில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. எட்டு வருடத்தில் இங்கே வந்து இறங்கியது 8 கோடியே 10 லட்சம் மாத்திரை என்று வழக்கில் சொல்லப்பட்டது. கைக்குழந்தை முதல் கிழவர் வரை தலைக்கு எண்ணூறுக்கு மேல். அந்த மாத்திரைகளை அனுப்பிவைத்த மூன்று பெரிய விநியோக நிறுவனங்கள் மீது ஊர் வழக்குப் போட்டது. அவை பொறுப்பல்ல என்று 2022 ஜூலை 4 அன்று, சுதந்திர தினத்தில், கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி தீர்ப்பளித்தார். ஊர் மேல்முறையீட்டுக்குப் போனது. தாங்களே அழித்துக்கொண்டார்கள் என்ற அந்தச் சொல்லை இத்தனைக்கும் பிறகு எப்படித் தாங்குவது?

2016 ஆகஸ்ட் 15 அன்று சில மணி நேரத்துக்குள் இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் போதைப்பொருள் அளவு மீறி மயங்கி விழுந்ததை உலகமே எழுதியது. அதற்கு மறுவருடம் தொடங்கியதை அந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை. மயங்கிப் பிழைத்தவரின் வீட்டுக்கு மூன்று நாளுக்குள் மருத்துவ உதவியாளர், ஆலோசகர், போலீஸ்காரர், பாதிரியார் என்று ஒரு குழுவாகப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள், சிகிச்சைக்கு வருகிறீர்களா என்று கேட்கிறார்கள். போதையோடு பிறக்கும் குழந்தைகளுக்கென்றே 2014-ல் ‘லில்லீஸ் பிளேஸ்’ என்று ஓர் இல்லத்தைத் தொடங்கியதும் இந்த ஊர்தான். வெளியூர்களிலிருந்து வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போகிறார்கள்.

இது முதல் தடவையாக இருந்தால் பொறுத்திருப்பேன். இரண்டு வருடத்துக்கு முன் துணுக்குப் பக்கத்தில் மலைவாசிகளைக் கேலி செய்யும் ‘ஹில்பில்லி’ ஜோக் போட்டீர்கள். அப்போதும் எழுதினேன். உங்கள் இதழைப் பாராட்டியிருந்த முதல் இரண்டு வரி மட்டும் வாசகர் கடிதத்தில் வந்தது, வருத்தப்பட்டு எழுதிய பகுதி வரவில்லை. எங்கள் மலைப் பகுதியின் பெயரான அப்பலாச்சியா என்பதைத் தொடர்ந்து ‘அப்பலேஷியா’ என்றே அச்சிடுகிறீர்கள். ‘லேஷ்’ என்ற உச்சரிப்பைக் கேட்டாலே இங்கே முகம் மாறிவிடும். இந்த மலைகள் என்றால் வெள்ளைக்கார ஏழைகள் மட்டும்தான் என்பதுபோலவும் எழுதுகிறீர்கள். கறுப்பின வரலாற்றைத் துறையாகவே வளர்த்த கார்ட்டர் வுட்சன், சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு இருபது வயது வாக்கில் எங்களூர் டக்ளஸ் பள்ளியில் சேர்ந்து படித்தவர். சில வருடங்களில் அதே பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தார்.

பதினெட்டு வருடமாகச் சந்தா கட்டிவருகிறேன். நிறுத்தப் போவதில்லை, அம்மா படித்த பத்திரிகை இது. நான் கேட்பது இரண்டுதான். அடுத்த இதழில் மாநிலத்தின் பெயரைத் திருத்தி ஒரு வரி போடுங்கள். அந்தச் சுரங்கப் படம் எங்கள் ஊர் இல்லை என்றும் சொல்லுங்கள்.

படம் வேண்டுமென்றால் நானே எடுத்து அனுப்புகிறேன். 1970 நவம்பர் 14 அன்று மார்ஷல் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி வந்த விமானம் விழுந்து 75 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாகப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு நீரூற்று இருக்கிறது. வருடா வருடம் அந்தத் தேதியில் ஊர் கூடி நிற்க, பெயர்களை வாசித்து, நீரை நிறுத்துவார்கள். வசந்த காலத்தில்தான் மறுபடி திறப்பார்கள். நீர் ஓடும்போது எடுத்த படம் ஒன்றும், நின்றபின் எடுத்தது ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. எது வேண்டும் என்று தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹண்டிங்டன், மேற்கு வர்ஜீனியா