உபதேசியார் ஐயாவுக்கும் கூட நின்ன எல்லாருக்கும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மரியே வாழ்கன்னும் சொல்லிக்கிறேன், இப்ப ரெண்டுமே என் வாயில வருது.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) சபையில வளர்ந்த என்னை போன ஞாயித்துக்கிழமை பூசையில கத்தோலிக்கத் திருச்சபையில சேத்துக்கிட்டாங்க. எல்லாருக்கும் முன்னாடி நின்னு விசுவாச அறிக்கை சொன்னேன், ஃபாதர் நெத்தியில தைலம் பூசி உறுதிபூசுதல் குடுத்தார், அப்புறம் முதல் தடவையா நற்கருணை வாங்கினேன். அதை நினைச்சா இப்பவும் தொண்டை அடைக்குது. இந்த சில மாசமா எங்க வீட்ல என்ன நடந்துச்சு, யார் யார் என்ன பேசினாங்கன்னு உங்கள்ல முக்கால்வாசி பேருக்கு தெரியும், அதை மறுபடி எழுதி யார் மனசையும் நோகடிக்க போறதில்ல. நன்றி சொல்லத்தான் வந்தேன்.

முதல் நன்றி எங்க ஊர் சி.எஸ்.ஐ. சர்ச்ச பாத்துக்கிற உபதேசியார் ஐயாவுக்கு. அவர் கையில இருக்கிறது பட்டன் போன், அதனால அவர் பேரன் இதை வாசிச்சு காட்டுவான்னு நம்பி எழுதுறேன். தம்பி, முழுசா வாசிச்சு காட்டிருப்பா.

ஆர்.சி.ல, அதாவது ரோமன் கத்தோலிக்கத்துல, சேரணும்னா ஞானஸ்நான சர்டிஃபிகேட் கேப்பாங்க. அங்க போனா திரும்ப ஞானஸ்நானம் எடுக்கணும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி கிடையாது. தண்ணியால, பிதா குமாரன் பரிசுத்த ஆவி நாமத்துல குடுத்திருந்தா அது சி.எஸ்.ஐ.ல குடுத்ததா இருந்தாலும் லுத்தரன் சபையில குடுத்ததா இருந்தாலும் செல்லும், ஒரு ஆளுக்கு ஒரே தடவைதான். முந்தி காலத்துல, எதுக்கும் இருக்கட்டும்னு, முதல்ல வாங்குனது செல்லாம இருந்தா இது செல்லட்டும்ங்கிற நிபந்தனையோட மறுபடி குடுக்குற வழக்கம் இருந்துச்சாம். ஆங்கிலிக்கன் குருவா இருந்த நியூமன் 1845 அக்டோபர் 9ல சேர்ந்தப்ப அவருக்கே அப்படித்தான் பண்ணியிருக்காங்க, 2019ல அவரை புனிதரா அறிவிச்சாங்க. ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் நிலைமை மாறிடுச்சு, உண்மையான சந்தேகம் இருந்தாலொழிய அப்படி செய்யக்கூடாதுன்னு 1993ல ரோம்ல இருந்து வந்த எக்குமெனிக்கல் (சபைகளோட ஒற்றுமைக்கான) வழிகாட்டியில தெளிவாவே இருக்கு. ஃபாதர் இதை சொன்னப்ப நான் அங்கயே அழுதுட்டேன், ஏன்னா எனக்கு இருந்த பெரிய பாரமே அதுதான், அப்பாவும் அம்மாவும் கையில ஏந்திட்டு போய் எனக்கு வாங்கி தந்த ஞானஸ்நானத்தை பொய்னு சொல்லிட்டு எங்கயும் போறதுக்கு என் மனசு ஒத்துக்கல.

ஆனா பேப்பர் வேணும்ல. அதை கேக்கப்போன இடத்துல என்ன பதில் கிடைச்சுதுன்னு தெரிஞ்சவங்களுக்கு தெரியும், அது போகட்டும்.

நான் சோர்ந்து போய் உக்காந்திருந்தப்ப ஒரு நாள் மத்தியானம் ஐயாவே போன் பண்ணினார். யார் போய் சொன்னாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு தெரியாது. "எம்மா, உனக்கு ரெஜிஸ்டர் பாக்கணுமாம்லா. சனிக்கிழமை வா, சர்ச்ச தெறந்து வைக்கேன்."

வெஸ்ட்ரியில, அதான் சர்ச்ச ஒட்டியிருக்கிற ரூம்ல, இருக்கிற பீரோவுல இருந்து அந்த ரெஜிஸ்டரை எடுத்தார், துணி அட்டை, ஓரமெல்லாம் கரையான் அரிச்சிருக்கு. பக்கம் கிழிஞ்சிரக்கூடாதுன்னு ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒவ்வொண்ணா திருப்பினார். நீல மை, கொஞ்சம் ஊறி போயிருக்கு, ஆனா எல்லாம் வாசிக்க முடியுது. என் பேர், பிறந்த தேதி, ஞானஸ்நான தேதி, அப்பா பேருக்கு எதிர்ல ஆசிரியர்னு தொழில், அதுக்கு அடுத்தாப்ல ஞானப்பெற்றோர் பேர். அந்த பக்கத்தை நான் அதுவரை பார்த்ததே இல்ல. அப்பா இப்ப இல்ல, அந்த கட்டத்துல அவர் பேரை பார்த்ததும் கொஞ்ச நேரம் என்னால பேச முடியல, ஐயாவும் ஒண்ணும் கேக்காம ஜன்னல் பக்கம் போய் நின்னுக்கிட்டார்.

அப்புறம் ஃபாரம் எடுத்து அவரே எழுதினார். எல்லா கட்டத்தையும் நிரப்பி முடிச்சுட்டு, அடியில காலியா கிடந்த இடத்துல தனியா ஒரு வரி சேர்த்தார்: "தண்ணீரினால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே கொடுக்கப்பட்டது." ஃபாரத்துல அப்படி ஒரு வரி கேக்கவே இல்ல, நானும் கேக்கல. எழுதிட்டு கண்ணாடிய கழட்டி வச்சிட்டு சொன்னார், "நீ போறதுல எனக்கு சம்மதம் இல்ல, கேட்டியா. உங்கப்பன் இருந்தாலும் வருத்தப்பட்டிருப்பான். ஆனா இங்க உனக்கு குடுத்தது செல்லாத காசு இல்லல்லா. அங்க எவனும் அதை தட்டிவிட்ரப்படாது."

சொல்லிட்டு அந்த வெயில்ல டி.வி.எஸ்.ஸ எடுத்துக்கிட்டு பக்கத்து ஊர்ல இருந்த பாஸ்டர் ஐயரவாள்கிட்ட கையெழுத்தும் சீலும் வாங்க கிளம்பிட்டார். நானும் வாரேன்னதுக்கு வேண்டாம்னுட்டார், அங்க எனக்கு யாராவது ஏதாவது சொல்லிருவாங்கன்னு அவருக்கு பயம். அவர் வர்ற வரைக்கும் அவர் வீட்டு அம்மா என்னை கூடவே உக்கார வச்சு கருப்பட்டி காப்பி போட்டு தந்தாங்க, ஏன் மாறுறன்னு ஒரு வார்த்தை கேக்கல, பிள்ளைங்க படிப்பை பத்திதான் கேட்டாங்க. பணம் குடுத்ததுக்கு ஐயா வாங்கல, காணிக்கை பெட்டியில போடுன்னு சொல்லிட்டார்.

எங்க பங்கு ஃபாதர் அந்த சர்டிஃபிகேட்டை வாங்கி பார்த்துட்டு கடைசி வரியை ரெண்டு தடவை வாசிச்சார். யாரும்மா எழுதினதுன்னு கேட்டார். சொன்னேன். அவருக்காக இன்னைக்கு பூசையில வேண்டிக்கிறேன்னார், வேண்டிக்கிட்டார்.

ஐயா, நான் செய்றது சரின்னு நம்பி கூட நின்னவங்க இருக்காங்க. நீங்க தப்புன்னு நினைச்சுக்கிட்டே எனக்காக வெயில்ல அலைஞ்சீங்க, அந்த ஒரு வரி எனக்கு வேணும்னு நான் கேக்காமலே உங்களுக்கு தெரிஞ்சிருக்கு. விசுவாசத்தை நான் முதல்ல யார்கிட்ட கத்துக்கிட்டேன்னு யாராவது கேட்டா உங்களை மாதிரி ஆட்கள்கிட்டன்னு சொல்வேன்.

பெரியம்மா, இதை நீங்க வாசிப்பீங்கன்னு எனக்கு தெரியும். அந்த ரெஜிஸ்டர்ல ஞானத்தாய்ங்கிற இடத்துல இருக்கிறது உங்க பேர். போட்டோ அனுப்பினேன், பார்த்துட்டீங்க, பதில் இல்ல. பரவாயில்ல. நான் எங்க இருந்தாலும் நீங்கதான் என் ஞானத்தாய், அதை யாராலயும் அழிக்க முடியாது.

மத்தவங்க நிறைய பேர், எல்லாரையும் சேர்த்துதான் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. சனிக்கிழமை சனிக்கிழமை மறைக்கல்வி எடுத்த சிஸ்டர். பாவசங்கீர்த்தனத்துக்கு பயந்து நின்னப்ப கூடவே வரிசையில நின்ன அக்கா. கிளாஸுக்கு போன நேரமெல்லாம் பிள்ளைங்களை பார்த்துக்கிட்ட பக்கத்து வீட்டு பாத்திமா பெரியவங்க. மாதா விஷயம் எனக்கு நெருடலா இருந்தப்ப, சின்ன வயசுல சாயங்கால ஆராதனையில நாம பாடுனது மரியாளோட பாட்டுதானே, "எல்லாச் சந்ததிகளும் என்னைப் பாக்கியவதி என்பார்கள்" உனக்கு மனப்பாடம் ஆச்சேன்னு ஞாபகப்படுத்துன சி.எஸ்.ஐ. கொயர் தோழி. அப்புறம் என் வீட்டுக்காரர். கல்யாணத்துக்காக மாறினான்னு பேசுறவங்களுக்கு சொல்றேன், எங்களுக்கு கல்யாணம் ஆகி வருஷம் பல ஆச்சு, அவர் இன்னைக்கும் சி.எஸ்.ஐ.தான். ரெண்டு பேரும் ஞானஸ்நானம் வாங்கினவங்கங்கிறதால எங்க கல்யாணத்தையும் திரும்ப நடத்த வேண்டாம்னு ஃபாதர் சொல்லிட்டார். கடவுளோட கிருபையை விட்டுட்டு, நம்ம செயலால ரட்சிப்புங்கிற கிரியைக்கு போறாளான்னு சொந்தக்காரங்க கேட்டப்ப, 1999 அக்டோபர் 31ல லுத்தரன்களும் கத்தோலிக்கரும் ஆக்ஸ்பர்க்ல கையெழுத்து போட்ட கூட்டு அறிக்கையை எடுத்து காட்டி, ரட்சிப்பு கிருபையாலதான்னு ரெண்டு பேருமே சொல்றாங்கன்னு பேசினது அவர்தான்.

ஆனா ஒண்ணு வலிக்கத்தான் செய்யுது. பூசையில அவர் என் பக்கத்துல உக்காந்திருந்தார், நான் எந்திரிச்சு போய் நற்கருணை வாங்கினேன், அவர் சி.எஸ்.ஐ.ங்கிறதால பெஞ்சுலயே இருந்தார். இனி உங்க திருவிருந்துல எனக்கும் அப்படித்தான். யோவான் ஆறாம் அதிகாரத்துல ஆண்டவர் தன் மாம்சத்தையும் ரத்தத்தையும் பத்தி சொன்னதை அப்படியே நம்பித்தான் நான் இங்க வந்தேன், அதனால இதை லேசா எடுத்துக்க முடியல. ஒவ்வொரு பூசையிலயும் நற்கருணை வாங்கிட்டு வந்து முழங்கால் போடுறப்ப, எல்லாரும் ஒண்ணாயிருக்கணும்னு ஆண்டவர் ஜெபிச்சதையேதான் நானும் ஜெபிக்க போறேன், சாகுற வரைக்கும். என்னை வளர்த்த சபையை பத்தி என் வாயில இருந்து ஒரு கெட்ட வார்த்தை வராது, என் முன்னாடி யாரும் பேசவும் விட மாட்டேன். பாமாலை புஸ்தகம் என் மேசையிலதான் இருக்கு.

ஐயா, இந்த வருஷம் சர்ச் அசன விருந்துக்கு குடும்பத்தோட வர்றோம். முந்தின நாள் ராத்திரியே வந்துருவேன், உள்ளி உரிக்கிற இடத்துல எப்பவும் போல எனக்கு ஒரு இடம் வைக்க சொல்லுங்க.