மறதியா, காது மந்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுமை மறதி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோருமே படித்தோம். நடை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் விரிவாகச் சொல்லியிருந்தீர்கள். காதைப் பற்றி மட்டும் ஒரே வரி. எங்கள் கடற்கரைக்கு அது போதாது என்பதால் எழுதுகிறேன்.

அப்பா எங்கள் மண்டபம் ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் விசைப்படகு டிரைவர். இராத்திரி முழுக்க இன்ஜின் இரைச்சலிலேயே நிற்கிற வேலை. கடலுக்குப் போவதை நிறுத்திய மூன்றாம் வருடம் ஆளே மாறிவிட்டார். "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டால், "கச்சான் காத்துதான், நாலு நாளைக்கு விடாது" என்பார். மறதி வந்துவிட்டது என்று தெருவே முடிவு கட்டியது. கூட்டிப்போய்க் காட்டிய மருத்துவரும் "வயசானா அப்படித்தான்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். நாங்களும் அவரிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டோம். அதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் விஷயம் புரிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். தம்பி வாசலில் வலையை விரித்துப் போட்டு உட்கார்ந்தான். அப்பா வந்து அவன் கையிலிருந்த வலை ஊசியை வாங்கி, கிழிசலின் ஓரத்தை விரலால் தடவிக் கண்ணிகளை எண்ணிவிட்டு வேலையைத் தொடங்கினார். கை பழக்கத்தில் போகும், சரி. ஆனால் முந்தின நாள் எந்த இடத்தில் நிறுத்தினோம், எவ்வளவு நூல் மிச்சம் என்றெல்லாம் மறுநாள் காலையில் அவரே சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து காதருகே பேசினால் சரியான பதில் வந்தது. அதுவரை எங்கள் வாயசைவைப் பார்த்து, காற்றைப் பற்றித்தான் கேட்கிறோம் என்று ஊகித்துப் பதில் சொல்லியிருக்கிறார்!

பரிசோதனையில் இரண்டு காதுமே மந்தம் என்று தெரிந்தது. காது மெஷின் வைத்த முதல் வாரம் இரைச்சல் தாங்காமல் கழற்றிக் கழற்றி வைத்தார். இப்போது பழகிவிட்டது. சில பெயர்கள் இன்னும் தடுமாறுகின்றன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பேரப்பிள்ளையோடு சண்டை போடுகிறார், மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போய் விலை கேட்டு வருகிறார்.

2024-ல் வெளியான, லான்செட் மருத்துவ இதழின் ஆணைய அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் உலகில் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்கிறது. செவித்திறன் குறைவும் தனிமையும் அந்தப் பட்டியலில் உள்ளன. 2023-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் காது மெஷினால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ரத்த அழுத்தம் போன்ற ஆபத்துக் காரணங்கள் ஏற்கெனவே அதிகமிருந்தவர்களுக்கு, நினைவும் சிந்தனையும் குறையும் வேகம் ஏறக்குறையப் பாதியானது. கருவாடும் உப்புமாக வாழ்ந்து ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிற நம் ஆட்களுக்கு இது சின்ன விஷயமா?

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெண்களிடமும், பள்ளிப் படிப்பு குறைந்தவர்களிடமும் அது கூடுதலாம். கடல்பாசி எடுக்கப் போயும் கருவாடு விற்றும் பிள்ளைகளை வளர்த்த எங்கள் ஊர் அம்மாக்கள் இந்த இரண்டிலுமே வருகிறார்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அப்படி வருகிறவர்கள் பெரியவர்களின் காதையும் கண்ணையும் சேர்த்துப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். 2017-ல் தொடங்கிய மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்குக் காது மெஷினும் கண்ணாடியும் இலவசம். அது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. யாரிடம், எந்தச் சான்றுகளோடு போக வேண்டும் என்பதை உங்கள் இதழில் விவரமாக வெளியிடுங்கள். அடுத்த தடைக்காலத்துக்குள் வந்தால், பிள்ளைகள் கரையில் இருக்கும்போதே பெரியவர்களைக் கூட்டிப்போக வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மண்டபம்