அப்பாவின் தூண்டில் கம்பை மீட்டுக் கொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தபோது ஒரு கப்பல்காரரிடம் வாங்கிய பைபர் கிளாஸ் கம்பு அது. ஏழடி நீளம், தேன் நிறம். இருபது வருடமாக மொட்டைமாடியில் வெயில் காய்ந்து, இந்தப் போகிக்குக் கழித்துக்கட்டும் சாமான்களோடு வாசலுக்கு வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் வார்னிஷ் பொரிந்து, கம்பு சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுத்திருந்தது. தொட்ட கையில் கண்ணாடி இழை ஏறி ரெண்டு நாள் அரிப்பு. தூக்கிப் போட மனசு வரவில்லை.

காசிமேட்டில் பைபர் படகுக்கு ஒட்டுப் போடும் ஓர் அண்ணனிடம் கொண்டுபோனேன். கம்பை மெல்ல வளைத்துக் காதருகே வைத்துக் கேட்டார். நகத்தால் தட்டிக்கொண்டே நுனிவரை போனார். "உள்ள நல்லாத்தான் இருக்கு தம்பி. மேல இருக்கிற ரெசினைத்தான் வெயில் தின்னிருக்கு" என்றார். கண்ணாடி இழைகளைப் பிணைத்துப் பிடிக்கும் பிசின்தான் ரெசின். நான் வாங்கி வைத்திருந்த பெயின்ட் ரிமூவரைத் தொடவே விடவில்லை. அது வார்னிஷோடு நிற்காதாம், ரெசினையும் இளக்கிவிடுமாம். முதலில் 600 நம்பர் வாட்டர் பேப்பர் (உப்புத்தாள்), அப்புறம் இன்னும் நைசான 1000. தூள் மூக்கில் ஏறாமல் இருக்கத் தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களைக் கம்போடு கட்டியிருக்கும் பழைய நூலை, வளையத்தின் கால்மேல் வைத்துத்தான் கீற வேண்டும். கம்பில் பிளேடு பட்டால் பின்னாளில் அங்கேதான் ஒடியும். இத்தனையும் சொல்லிக் கொடுத்துவிட்டு ஒரு டீ கூட வாங்கிக்கொள்ளவில்லை.

வளையங்களைக் கட்ட எனக்குக் கை வரவில்லை. மூன்று தடவை சுற்றி மூன்று தடவையும் அவிழ்ந்தது. எங்கள் தெரு தையல்கடை அக்காதான் நூலை ஒரு தடித்த நோட்டுக்குள் கொடுத்து இறுக்கம் பிடிக்க வைத்தார். "நூலைச் சுத்தாதப்பா, கம்பை உருட்டு" என்றார். இழையோடு இழை ஒட்டிப் படிந்தது. கடைசி எட்டுச் சுற்றுக்கு அடியில் தனி நூலை மடித்து வைத்து, அதில் சுற்றிய நூலின் நுனியைக் கோத்து உள்ளே இழுத்துவிட்டார். முடிச்சே இல்லை! அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கார் பெயின்ட் பட்டறை அண்ணாச்சி வியாபாரத்தை விட்டுக்கொடுத்து உண்மையைச் சொன்னார்: காருக்கு மேல்பூச்சாக அடிக்கும் கிளியர் விறைப்பு, கம்பு வளைந்தால் வெடித்துவிடும், படகு மரத்துக்கு அடிக்கும் வெயில் தாங்கும் வார்னிஷை மெல்லிசாகப் பூசுங்கள். அப்படியே செய்தேன். நூல்மேல் பூசிய எபாக்ஸி பசை ஒருபக்கம் வழியாமல் இருக்க, என் அக்கா மகன் நாலு மணி நேரம் கம்பை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கண்ணா, உனக்கு மாமாவின் நன்றி.

இப்போது கம்பு உறைக்குள், வெயில் படாத அறையில், சுவரில் சாய்க்காமல் படுத்திருக்கிறது. உப்புத்தண்ணிக்குப் போய் வந்தால் உடனே நல்ல தண்ணீர்க் குளியல். போன ஞாயிறு முட்டுக்காட்டில் அப்பாவின் கையில் கொடுத்தேன். வீசுவதற்கு முன் அந்தப் புது நூல்கட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

காசிமேட்டு அண்ணன் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன். தேன் நிறக் கம்போடு வந்த பையன் தேடுகிறான் என்று, தெரிந்தவர்கள் அவரிடம் சொல்லுங்கள்.