வழக்குப்பதிவு ஆனால் இழப்பீடு வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்துச் செய்திகள் பெரும்பாலும் "போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்" என்ற வரியோடு முடிகின்றன. அடிபட்டவரின் குடும்பமும் அந்த வரியை நம்பி, "கேஸ் நடக்குது, பணம் வரும்" என்று காத்திருக்கிறது. அந்தக் கேஸிலிருந்து பணம் வராது. அது வண்டி ஓட்டியவருக்குத் தண்டனை கேட்டு அரசு நடத்தும் குற்ற வழக்கு. இழப்பீட்டுக்குப் பாதை வேறு. அதிலும் காப்பீட்டு நிறுவனத்தோடு பேசி முடித்துக்கொள்வது ஒன்று, விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் வாதாடித் தீர்ப்பு வாங்குவது இன்னொன்று. இந்த வேறுபாடு தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள் லட்சக்கணக்கில் இழக்கிறார்கள் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் இழப்பீடு தொடர்பான பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் காவல்துறை முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை. காப்பீட்டு நிறுவனம் இதற்கென ஓர் அதிகாரியை நியமித்து, பிரிவு 149-இன்படி 30 நாளுக்குள் தீர்ப்பாயத்தின் முன் ஒரு தொகையைச் சொல்லலாம். சம்மதித்தால் தீர்ப்பாயம் அதைப் பதிவு செய்யும். அதன்பின் 30 நாளுக்குள் பணம் வர வேண்டும். மறுத்தால் விசாரணைக்குத் தேதி குறிக்கப்படும். அங்கிருந்துதான் அது உண்மையில் வழக்கு.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பிரிவு 164-இன்கீழ், யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் உண்டு. விரைவில் கிடைக்கும் பணம் என்பதால் இதை ஏற்கப் பலரும் துடிப்பார்கள். ஆனால் பிரிவு 149 நடைமுறையில் இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், முழு இழப்பீடு கேட்டுப் பிரிவு 166-இன்கீழ் போட்ட மனு காலாவதியாகிவிடும் என்று சட்டமே சொல்கிறது. மீதியை அப்புறம் வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பதற்கு இடமில்லை.

அந்த மீதி எவ்வளவு என்று பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் 28 வயதுக் கொத்தனாருக்குக் கால் எலும்பு சரியாகக் கூடவில்லை, வேலைத்திறன் இழப்பு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1,80,000. 40 வயதுக்குக் கீழ் சுயதொழில் செய்பவர் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. அதில் 30 சதவீதம் 75,600. ஆண்டு இழப்பை எத்தனையால் பெருக்குவது என்று வயதை வைத்துச் சொல்லும் பெருக்கு எண், 26 முதல் 30 வயது வரை 17. ஆக 12,85,200 ரூபாய். மருத்துவச் செலவு, வலி வேதனை, உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான தொகை, படுத்திருந்த மாதங்களின் கூலி, மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி எல்லாம் இதற்கு மேல். பெருக்கு எண் அட்டவணையை உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும், எதிர்கால உயர்வு விகிதத்தை 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்தது.

மேலே சொன்ன 30 சதவீதம் தானாக வந்துவிடாது. மெடிக்கல் போர்டு தரும் ஊனச் சான்றில் இருப்பது உடல் ஊனத்தின் அளவு. அந்த ஊனம் பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்பது தனிக் கேள்வி. 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்தது: இடது கையை இழந்த ஓட்டுநர் தன் தொழிலையே இழக்கிறார், எழுத்தர் வேலை பார்ப்பவருக்கு அதே ஊனம் அந்த அளவு இழப்பைத் தராது. கொத்தனாரால் சாரத்தில் ஏற முடியாது, குந்தி உட்கார முடியாது என்று சாட்சியத்தில் வராவிட்டால், ஒரு சதவீதத்துக்குச் சில ஆயிரம் என்று பெருக்கிக் கொடுத்து முடித்துவிடுவார்கள். லட்சங்கள் கைநழுவுவது பெரும்பாலும் இங்கேதான். சமரசம் பேசும்போதும் இதே கணக்குத்தான் மேசையில் இருக்க வேண்டும். காயம் ஆறி, ஊனம் நிலைத்ததா என்று தெரியும் முன்னர் எந்தத் தொகைக்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அதற்காகப் பேசித் தீர்ப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். ஊனம் எதுவும் நிற்காத எலும்பு முறிவுக்கு மக்கள் நீதிமன்றம் நல்ல வழி. ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டாம். ஆனால் அங்கே பிறக்கும் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது.

காவல் நிலையத்தில் நடக்கும் சமரசம் வேறு ரகம். "கேஸ் வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துடுறோம்" என்று வண்டிக்காரர் சொல்ல, "மேல் நடவடிக்கை வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது அறுவை சிகிச்சை என்று மருத்துவர் சொல்லும்போது வண்டிக்காரர் போனை எடுக்க மாட்டார். அதன்பின் புகார் கொடுத்தால், தாமதத்தைக் காட்டியே காப்பீட்டு நிறுவனம் விபத்தைச் சந்தேகிக்கும். ஆகவே முதல் தகவல் அறிக்கை அவசியம். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில் வாகன எண்ணோ, எந்த வகை வாகனம் என்பதோ சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அன்றே பாருங்கள். "வண்டியிலிருந்து தானாக விழுந்தார்" என்று பதிவாகிவிட்டால், பிறகு எதிர்தரப்புக்கு அந்த ஒரு வரி போதும்.

உண்மையிலேயே தானாக விழுந்தவருக்கு எதிர்தரப்புக் காப்பீடு கிடையாது. உரிமையாளரே ஓட்டியிருந்தால், அவருடைய பாலிசியிலுள்ள 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டில்தான் கோர வேண்டும். அது ஒப்பந்தப்படி கிடைப்பது. எல்லாக் காயத்துக்கும் பொருந்தாது. மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு வருவாய்த்துறையில் விண்ணப்பிக்க வேண்டும்.

பிரிவு 166 மனுவை, நம் ஊர் நீதிமன்றங்களில் எம்.சி.ஓ.பி. என்று சொல்வதை, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது இப்போதைய சட்டம். இந்தக் கெடு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்கப்பட்டிருக்கிறது. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். காவல்துறை அறிக்கையையே தீர்ப்பாயம் மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், அது போய்ச் சேர்ந்ததா என்று பாதிக்கப்பட்டவர்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் என எங்கும் மனுப் போடலாம். சேலத்துக்காரர் விழுப்புரத்துக்கு அலைய வேண்டாம். சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றம் இவற்றை விசாரிக்கிறது. வயதுக்குப் பள்ளிச் சான்று வையுங்கள். பிறந்த தேதிக்கு ஆதார் ஆதாரமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. கூலிக்கு ரசீது இல்லாதவர்கள் நலவாரிய அட்டையும் வங்கிப் புத்தகமும் வைக்கலாம். குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் இந்த மனு தோற்றுவிடாது. சந்தேகத்துக்கு இடமற்ற நிரூபணத்தைத் தீர்ப்பாயம் கேட்பதில்லை. எப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றே பார்க்கிறது.

வருகிற தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு என்று வழக்கறிஞர் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் அனுமதிக்கவில்லை. மருத்துவமனை வாசலிலேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்க வருபவர்களிடம் இதைத் தயங்காமல் சொல்லலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்குள் இருப்போர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். முதல் தகவல் அறிக்கை நகலோடும் டிஸ்சார்ஜ் சம்மரியோடும் போனால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சேலம்