கோபன்ஹேகனில் இருக்கும் மகளுக்கு

தரங்கம்பாடி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மழைக்காலத்துக்கு உரிய அளவில் இருக்கிறது, கவலைப்படாதே. தை மாதத்தில் உன்னோடு வேலை பார்க்கும் இருவரை அழைத்து வருவதாகவும், அவர்களுக்கு "டேனிஷ்காரர்களின் பழைய ஊரை"ச் சுற்றிக் காட்ட வேண்டும் என்றும் நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து, என்ன காட்ட வேண்டும் என்பது என் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பேச்சில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, நகர வாயிலில் தொடங்காதே. வருகிறவர்கள் எல்லோரும் 1792-இல் திருப்பிக் கட்டப்பட்ட அந்த வெள்ளை வாயிலுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, ராஜ வீதி வழியாக நேரே கோட்டைக்குப் போய்விடுகிறார்கள். டேனிஷ்காரர்கள் வந்த 1620-இல்தான் ஊர் பிறந்தது என்ற எண்ணத்தோடு திரும்பிப் போகிறார்கள். நீ அவர்களைக் கடற்கரையில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலுக்கு முதலில் அழைத்துப் போ. அது 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். அதன் கல்வெட்டில் நம் ஊருக்குச் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்ற பெயர்கள் இருக்கின்றன. பட்டினம் என்ற சொல்லை அவர்களுக்கு விளக்கிச் சொல். கப்பல் வந்து போகாத ஊருக்கு அந்தப் பெயரை யாரும் வைப்பதில்லை. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது; மிச்சத்தைக் காப்பாற்றத்தான் அங்கே பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு கோட்டைக்குப் போகலாம். தஞ்சை ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, மிளகு வாணிகத்துக்காக இந்தக் கரையைப் பெற்ற டேனிஷ் கடற்படைத் தலைவன் ஓவே கெடே அப்போது இருபதுகளில் இருந்த இளைஞன். ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குப் பனையோலை வடிவத்தில் ஒரு தங்கத் தகட்டில் தமிழில் கடிதம் எழுதி அனுப்பினார். அது நீ இருக்கும் நகரத்து ஆவணக் காப்பகத்தில்தான் இன்றும் இருக்கிறது.

கோட்டையின் கீழ்த்தளத்தில் பண்டகசாலையையும் சிறையையும், மேல்தளத்தில் ஆளுநர் குடியிருப்பையும் காட்டுவார்கள். அவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் ஒரு கதையை நீ சொல். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் டென்மார்க் தன் சண்டைகளில் மூழ்கி இந்த ஊரையே மறந்துவிட்டது. ஏறக்குறைய 29 ஆண்டுகள் அங்கிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. இருந்தவர்கள் நோயில் போனார்கள், சிலர் ஓடிப்போனார்கள். கடைசியில் எஸ்கில்ட் கொங்ஸ்பாக்கே என்ற ஒரே ஒரு டேனிஷ்காரன் மிஞ்சினான். அவன் பிரபு வம்சத்தவனும் அல்லன், படித்தவனும் அல்லன். உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையையும் காத்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பி, 1669-இல் கப்பல் ஒன்று வந்து சேரும்வரை கொடியை இறக்காமல் இருந்தான். உன் முதல் குளிர்காலத்தில், நான்கு மணிக்குள்ளேயே இருட்டிவிடுகிறது என்று நீ அழுதபோது எனக்கு அவன் நினைவுதான் வந்தது. அப்போது சொன்னால் கோபப்படுவாய் என்று சொல்லவில்லை.

ராஜ வீதியில் இரண்டு தேவாலயங்கள் இருக்கின்றன. 1701-இன் சீயோன் ஆலயத்தில் அதிக நேரம் வேண்டாம். 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் நில். மறைபரப்பாளர் சீகன்பால்கு அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1706 ஜூலை 9 அன்று தோழர் புளுட்சோவுடன் வந்து இறங்கியபோது அவருக்கு வயது ஏறக்குறைய 24, நீ விமானம் ஏறிய அதே வயது. டேனிஷ் அரசர் அனுப்பிய ஜெர்மானியர் அவர். ஆனாலும் இங்கிருந்த டேனிஷ் தளபதியே அவரை நான்கு மாதம் கோட்டையில் அடைத்து வைத்தார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் அகரம் எழுதிக் கற்றவர், நம் தெய்வங்களைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதி ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1867 வரை அது அச்சேறவில்லை.

அச்சுக் கதையை மட்டும் விட்டுவிடாதே. ஹாலேவில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. காகிதமோ கையிருப்பில் குறைவு. ஆகவே பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். பாட்டி வீட்டுக்குப் போகும்போது நாம் கடந்து போகும் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

1845-இல் டேனிஷ்காரர்கள் நம் ஊரை, வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். 1861-இல் ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனதும் நம் துறைமுகம் ஓய்ந்தது. பிற்பாடு மாயவரத்திலிருந்து இங்கே வந்த ரயிலும் எண்பதுகளில் நின்றுபோனது. ஊர் வளராமல் போனதால்தான் தெருக்கள் பழையபடியே தப்பின என்று வருகிறவர்கள் மகிழ்கிறார்கள். வேலை தேடி வெளியே போன பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்த மகிழ்ச்சி அவ்வளவாக இல்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகும் கோட்டை நிற்கிறது என்பதை வியந்து சொல்வார்கள். அன்று மீனவர் தெருக்களில் நூற்றுக்கணக்கானோர் போனார்கள் என்பதையும் நீ சேர்த்துச் சொல்ல வேண்டும். உன் வகுப்பில் காலியான இடங்களை நீ மறந்திருக்கமாட்டாய்.

கடற்கரையில் பையன்கள் பழைய காசு என்று நீட்டினால், பேரம் பேசாமல் பார்த்து வாங்கச் சொல், சில போலி. மழை ஓய்ந்த மறுநாள் அலை ஒதுக்கும் மணலில் உண்மையான காசுகள் இன்னும் கிடைக்கின்றன. போன மாதம் எனக்கும் ஒன்று கிடைத்தது: துவரம் பருப்பைவிடச் சற்றே பெரிய ஈயக் காசு, ஒரு பக்கம் தேய்ந்து வழவழவென்று, மறுபக்கம் அரசமுடியும் அதன் கீழ் பாதி எழுத்தும். அம்மா அதை அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குள் போட்டு வைத்திருக்கிறாள். நீ வந்து எடுத்துக்கொள்ளலாம்.

புறப்படுவதற்கு முன், அந்தக் காப்பகத்தில் அனுமதி கிடைத்தால் தங்க ஓலையை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வா. நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எழுத்துகளை உன்னால் கூட்டிப் படிக்க முடிகிறதா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா