மிஸ்டரி ஷாப்பர்களின் வரிப் பொறுப்பு: கட்டணத்தையும் செலவுத் தொகையையும் பிரித்துக் காட்ட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வு நேரத்தில் செய்யக்கூடிய வருமான வழிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அந்த வரிசையில் மிஸ்டரி ஷாப்பர் வேலையைப் பற்றி, அதாவது சாதாரண வாடிக்கையாளர் போலவே ஒரு கடைக்கோ உணவகத்துக்கோ வங்கிக் கிளைக்கோ சென்று, அங்கே கிடைக்கும் சேவையைக் கவனித்து, அந்த நிறுவனத்துக்காக அறிக்கை எழுதித் தரும் வேலையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வேலையைப் பெறும் வழி, அறிக்கை எழுதும் முறை, போலி நிறுவனங்களை அடையாளம் காணும் விதம் ஆகிய அனைத்தும் அதில் தெளிவாக இருந்தன. ஆனால் வரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சுயதொழில் செய்வோரின் வரிக் கணக்குகளைத் தயாரித்துக் கொடுக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், அந்த இடைவெளியை நிரப்புவது அவசியம் என்று கருதி இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். மிஸ்டரி ஷாப்பர்களை நிறுவனங்கள் பெரும்பாலும் ஊழியர்களாக எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியாக ஒப்புக்கொள்ளும் சுயதொழில் ஒப்பந்ததாரர்களாகவே பதிவு செய்கின்றன. எந்தப் பணியை ஏற்பது, எதை மறுப்பது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். ஒரே மாதத்தில் பல நிறுவனங்களுக்கு வேலை செய்கிறார்கள். தங்கள் வண்டியையும் கைபேசியையும் பயன்படுத்துகிறார்கள். இந்த ஏற்பாட்டின் விளைவு என்னவென்றால், மாதச் சம்பளக்காரருக்கு முதலாளி செய்து கொடுக்கும் வரிக் கணக்கீடு, பிடித்தம், ஓய்வூதியப் பங்களிப்பு ஆகிய எல்லாமே இவர்கள் தோளில் வந்து விழுகின்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது இதைப் படித்துப் புரிந்துகொள்பவர்கள் மிகக் குறைவு. (ஒருவரை ஊழியர் என்பதா, ஒப்பந்ததாரர் என்பதா என்பதைப் பல நாடுகளின் சட்டங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதில்லை, வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்கின்றன. ஒரே நிறுவனத்தின் நேரக் கட்டளைப்படி நாள்தோறும் வேலை செய்பவர் இதைத் தனியாக விசாரித்துக்கொள்வது நல்லது.)

இந்த வேலைக்கே உரிய வரிச் சிக்கல் ஒன்று உண்டு. இக்கடிதத்தின் மையமும் அதுதான். மிஸ்டரி ஷாப்பர் கைக்கு வரும் பணம் இரண்டு வகைப்படும். ஒன்று, அறிக்கைக்காகத் தரப்படும் கட்டணம். மற்றொன்று, பணிக்காக வாங்கிய பொருளின் அல்லது சேவையின் விலையை ஈடுசெய்யத் திருப்பித் தரப்படும் ஈட்டுத் தொகை. முதலாவது வருமானம் என்பதில் எந்த ஐயமும் இல்லை. இரண்டாவது, தன் கையிலிருந்து போன பணம் திரும்பி வருவது. ஆனால் பல நிறுவனங்கள் இரண்டையும் ஒன்றாகக் கூட்டி, ஒரே தொகையாக வங்கிக் கணக்கில் செலுத்திவிடுகின்றன. ஒரு பணிக்குக் கட்டணம் 200, பொருளுக்கான வரம்பு 800 என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் 1,000 வந்து சேர்கிறது. ஆண்டு முழுவதும் இப்படி 40 பணிகள் செய்தவருடைய வங்கிக் கணக்கில் 40,000 வரவு தெரியும். அவர் உண்மையில் சம்பாதித்ததோ 8,000 மட்டுமே. வங்கிக் கணக்கை மட்டும் பார்க்கும் வரி அதிகாரிக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை. அதை நிரூபிக்க வேண்டிய கடமை வரி செலுத்துபவருடையது.

இந்தக் குழப்பத்தில் மக்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் வந்த தொகை முழுவதையும் வருமானமாகக் காட்டி, செலவைக் கழிக்க மறந்து, கொடுக்க வேண்டியதைவிட அதிக வரி கொடுக்கிறார்கள். வேறு சிலர், "எல்லாம் செலவுக்குத் திரும்பி வந்த பணம்தானே" என்று நினைத்து, கட்டணப் பகுதியையும் சேர்த்துக் காட்டாமல் விட்டுவிடுகிறார்கள். முதல் தவறால் பணம் போகிறது. இரண்டாவது தவறால் பின்னாளில் அறிவிப்புக் கடிதமும் வட்டியும் அபராதமும் வருகின்றன.

சரியான வழி இதுதான்: நிறுவனம் இரண்டையும் சேர்த்தே தந்திருந்தால் முழுத் தொகையையும் வரவாக எழுதி, பணிக்காகச் செய்த செலவை எதிர்ப்பக்கத்தில் செலவாகக் கழிக்க வேண்டும். நிறுவனம் பிரித்துக் காட்டியிருந்தால், அந்தந்த நாட்டின் விதி அனுமதிக்கும் அளவுக்குக் கட்டணத்தை மட்டும் வரவாகக் காட்டலாம். எந்த வழியில் எழுதினாலும் முடிவில் நிற்கும் இலாபம் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஈடுசெய்யப்பட்ட தொகையை வரவில் சேர்க்காமல் விட்டுவிட்டு, அதே பொருளின் விலையைச் செலவில் மட்டும் கழிப்பது இரட்டைச் சலுகை. அதை எந்த நாட்டுச் சட்டமும் ஏற்காது. 800 வரம்புள்ள பணியில் ஒருவர் 950-க்கு வாங்கினால் கூடுதலான 150 என்னவாகும் என்று என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். பணிக்குறிப்பில் கேட்கப்பட்ட பொருளே அந்த விலைக்குத்தான் கிடைத்தது என்றால் அது தொழிற்செலவு என்று வாதிட இடமுண்டு. தன் விருப்பத்துக்குக் கூடுதலாக ஒன்றை வாங்கியிருந்தால் அது சொந்தச் செலவு. அதைத் தொழிலின் மீது ஏற்றக்கூடாது.

கட்டணமே இல்லாமல், இலவசத் தங்குமிடம் அல்லது இலவசப் பொருள் மட்டுமே கூலியாகத் தரப்படும் பணிகளும் உள்ளன. கையில் காசு வரவில்லை என்பதால் வருமானமே இல்லை என்று எண்ணிவிட முடியாது. உழைப்புக்கு ஈடாகப் பெற்ற பொருளின் சந்தை மதிப்பை வருமானமாகக் கருதும் விதி அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகளில் இருக்கிறது.

பிரித்துக் காட்டுவதன் முக்கியத்துவம் சட்டத்திலேயே தெரிகிறது. அமெரிக்காவில் ஊழியரல்லாதவருக்குச் செலுத்தும் தொகையை அறிவிக்கும் 1099-என்இசி படிவத்துக்கான வழிகாட்டுதலைப் பாருங்கள்: ஒப்பந்ததாரர் நிறுவனத்திடம் முறையாகக் கணக்குக் காட்டாத பயணச் செலவுத் தொகையைக் கட்டணத்தோடு சேர்த்து அறிவிக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு பணிக்கும் ரசீதைப் பதிவேற்றும் மிஸ்டரி ஷாப்பர் தன் செலவுக்கு நிறுவனத்திடம் கணக்குக் காட்டிவிட்டுத்தான் பணம் வாங்குகிறார். ஆகவே அவருக்கான படிவத்தில் கட்டணத்தை மட்டும் தனியாகக் காட்ட நிறுவனத்துக்குத் தடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்தியாவில் மத்திய நேரடி வரிகள் வாரியம் 1995-இல் வெளியிட்ட 715-ஆம் எண் சுற்றறிக்கை, மூலத்தில் (அதாவது பணம் கொடுக்கும் நிறுவனமே) வரி பிடிக்கும்போது பில் தொகையிலிருந்து ஈட்டுத் தொகையைக் கழிக்க முடியாது என்று கூறியது. செலவுக்குத் தனி பில் கொடுத்திருந்தால் அதன்மீது பிடித்தம் தேவையில்லை என்ற நிலைப்பாட்டைப் பின்னர் நீதிமன்றங்களும் தீர்ப்பாயங்களும் பல வழக்குகளில் ஏற்றுள்ளன. ஒரே பில்லா, இரண்டு பில்லா என்பது சிறு எழுத்து வேலையாகத் தெரியலாம். பிடிக்கப்படும் வரியின் அளவே அதைப் பொறுத்து மாறுகிறது.

அடுத்து, "சிறு தொகைக்கு வரி இல்லை", "நிறுவனம் படிவம் அனுப்பவில்லை, அதனால் காட்ட வேண்டியதில்லை" என்ற இரண்டு நம்பிக்கைகள் மிகப் பரவலாக உள்ளன. அமெரிக்காவில் சுயதொழிலில் செலவு போக 400 டாலர் நின்றாலே கணக்குத் தாக்கல் செய்து சுயதொழில் வரி (சமூகப் பாதுகாப்பு, முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான பங்களிப்பு) செலுத்த வேண்டும். நிறுவனம் படிவம் அனுப்பும் வரம்போ நீண்ட காலம் 600 டாலராக இருந்தது. 2025-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 2026 முதல் செலுத்தப்படும் தொகைகளுக்கு அது 2,000 டாலராக உயர்ந்துள்ளது. அந்த வரம்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி. ஆறு நிறுவனங்களிடமிருந்து தலா 500 டாலர் பெற்றவருக்கு ஒரு படிவமும் வராது. ஆனால் அவருடைய 3,000 டாலர் வரவு அப்படியே இருக்கிறது. படிவ வரம்பு உயர்ந்ததால் வரிப் பொறுப்பு குறைந்துவிட்டதாக நினைப்பவர்கள் இனிமேல் அதிகமாவார்கள் என்பதே என் கவலை.

பிரிட்டனில் 2017 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரையிலான வணிக வரவுக்கு விலக்கு உண்டு. இது செலவு கழிப்பதற்கு முந்தைய மொத்த வரவுக்கான வரம்பு. அதைத் தாண்டுபவர் அந்த 1,000 பவுண்டைக் கழிக்கலாம், அல்லது உண்மையான செலவைக் கழிக்கலாம். இரண்டையும் சேர்த்துக் கழிக்க முடியாது. கட்டணமும் ஈட்டுத் தொகையுமாக 3,000 பவுண்டு வரவு எழுதி, அதில் 2,400 பவுண்டு பணிக்கான செலவு என்றால், உண்மைச் செலவைக் கழிப்பவருக்கு 600 பவுண்டு இலாபம். எளிதாக இருக்கிறதே என்று 1,000 பவுண்டு விலக்கைத் தேர்ந்தெடுத்தவருக்கு 2,000 பவுண்டு இலாபம். ஈட்டுத் தொகை அதிகமாகப் புழங்கும் இந்த வேலையில் எளிய வழி எப்போதும் இலாபமான வழியாக இருப்பதில்லை.

இந்தியாவில் வேறொரு தவறான எண்ணம் நிலவுகிறது. நிறுவனம் வரம்புக்கு மேற்பட்ட தொகையில், அதைத் தொழில்முறைக் கட்டணமாகக் கருதினால் 10 சதவீதமும், தனிநபருக்கான ஒப்பந்தப் பணியாகக் கருதினால் 1 சதவீதமும் பிடித்துக்கொள்கிறது; பான் எண் தராவிட்டால் பொதுவாக 20 சதவீதம் வரை போகும். "வரி பிடித்துவிட்டார்கள், என் கடமை முடிந்தது" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பிடித்தம் என்பது முன்பணம் மட்டுமே. மற்ற வருமானத்தையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் செலுத்த வேண்டியிருக்கலாம். வருமானம் குறைவாக இருந்தால் பிடித்தது திரும்பியும் கிடைக்கலாம். திரும்பப் பெற வேண்டுமானால் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் இந்தத் தொகைகள் தெரிகின்றன என்பதால், மறைப்பதும் மறப்பதும் ஒரே விளைவையே தரும்.

ஆண்டு முடியும்வரை காத்திருக்கக்கூடாத கடமைகளும் உண்டு. அமெரிக்காவில் ஆண்டு முடிவில் 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் வரி பாக்கி இருக்கும் என்று எதிர்பார்ப்பவர் பொதுவாக நான்கு தவணைகளில் முன்கூட்டியே செலுத்த வேண்டும், அதில் 15.3 சதவீதச் சுயதொழில் வரியும் அடங்கும், ஏனெனில் முதலாளியின் பங்கும் தொழிலாளியின் பங்கும் ஒருவர் மீதே விழுகின்றன. கனடாவிலும் ஓய்வூதியத் திட்டத்தின் இரு பங்குகளையும் சுயதொழில் செய்பவரே கட்டுகிறார். அங்கே கணக்குத் தாக்கல் செய்ய ஜூன் 15 வரை அவகாசம் இருந்தாலும் வரிப் பணத்தை ஏப்ரல் 30-க்குள் கட்டிவிட வேண்டும். தாக்கல் தேதியை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் வட்டி கட்டுகிறார்கள். சிங்கப்பூரில் ஆண்டு நிகர வணிக வருமானம் 6,000 சிங்கப்பூர் டாலரைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புத் திட்டத்துக்கான பங்களிப்பு சேர்ந்துகொள்கிறது. இந்தியாவில் பிடித்தம் போக 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரி வருமென்றால் முன்கூட்டிய வரித் தவணைகள் பொருந்தும். ஒவ்வொரு வரவிலும் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்கும் பழக்கம் இல்லாதவருக்கு இந்தத் தவணைகள் பெரும் சுமையாகிவிடும்.

ரசீதுகளைப் பற்றி நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. மிஸ்டரி ஷாப்பர்கள் ரசீதைப் படம் எடுத்து நிறுவனத்தின் தளத்தில் ஏற்றிவிட்டு, காகிதத்தை எறிந்துவிடுகிறார்கள். நிறுவனம் மூடப்பட்டாலோ, கணக்கு முடக்கப்பட்டாலோ, பழைய பணிகள் தளத்திலிருந்து நீக்கப்பட்டாலோ அந்த ஆதாரம் அத்தோடு போய்விடும். வரி ஆவணங்களை மலேசியாவில் 7 ஆண்டுகளும், கனடாவில் 6 ஆண்டுகளும், சிங்கப்பூரில் 5 ஆண்டுகளும், அமெரிக்காவில் பொதுவாக 3 ஆண்டுகளும் வைத்திருக்க வேண்டும். ஆகவே பணியின் தேதி, நிறுவனம், கட்டணம், வாங்கிய பொருளின் விலை, திரும்பி வந்த தொகை, பயணத் தூரம் ஆகியவற்றை அன்றன்றே ஒரு ஏட்டில் எழுதி, ரசீதின் நகலைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சாகும் ரசீதுகள் சில மாதங்களிலேயே வெளிறிப்போவதால் படமும் அவசியம். பயணச் செலவைக் கோருவோர், சொந்த வேலையாகப் போன வழியில் ஒரு பணியையும் முடித்துவிட்டு முழுத் தூரத்தையும் எழுதிவிடக்கூடாது. கைபேசி, இணையக் கட்டணங்களுக்கும் அப்படியே. தொழிலுக்குப் பயன்பட்ட விகிதத்துக்கு மட்டுமே உரிமை உண்டு.

இவ்வளவையும் தனிமனிதர்களின் பொறுப்பாக மட்டும் விட்டுவிடுவது நியாயமில்லை. யாருக்கு எவ்வளவு கட்டணம், எவ்வளவு ஈட்டுத் தொகை என்ற விவரம் நிறுவனத்தின் கணினியில் பணிவாரியாக ஏற்கெனவே இருக்கிறது. ஏனென்றால் வாடிக்கையாளர் நிறுவனத்திடம் பணம் கேட்க அதே விவரம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. அதைக் கூட்டி, ஆண்டு முடிவில் இரண்டு தனி இனங்களாகக் காட்டி ஒரு கணக்கு அறிக்கையாக ஒவ்வொருவருக்கும் அனுப்புவதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. சட்டப்படி படிவம் அனுப்ப வேண்டிய வரம்புக்குக் கீழே இருப்பவர்களுக்கும் இதை அனுப்ப வேண்டும். ஆலோசகரை அமர்த்த வசதியில்லாதவர்கள் அவர்களில்தான் அதிகம். பதிவு செய்யும் நேரத்திலேயே, "இந்தத் தொகையில் நாங்கள் வரி பிடிக்கவில்லை, கணக்குக் காட்டுவது உங்கள் பொறுப்பு" என்ற செய்தியை அவர்களுக்குப் புரியும் மொழியில், ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே நிறுவனங்கள் அச்சிட வேண்டும். வரித் துறைகளும் இத்தகைய பிரிக்கப்பட்ட அறிக்கையை ஆதாரமாக ஏற்பதாக வெளிப்படையாக அறிவித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். பகுதிநேர வருமானத்தைப் பற்றிய அடுத்தடுத்த கட்டுரைகளில், அந்த வேலைக்கான வரி நிலை, பதிவு செய்ய வேண்டிய இடம், தாக்கலுக்கான கடைசித் தேதி ஆகியவற்றை ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவாவது சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
வரிக் கணக்குத் தயாரிப்பாளர்